சங்கீர்த்தனம் அண்ணனும் பிடுங்கிய பிளக்கும்

வடசென்னை ராயபுரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு. ஆனால் கம்ப்யூட்டரை ஓரமாக வைத்துவிட்டு, அந்த வீட்டு மனுஷர்களை ரிப்பேர் பார்த்தவர் இந்த உலகத்திலேயே ஒரே ஒருவர்தான். அடித்துச் சொல்கிறேன். அமெரிக்காவில் தேடுங்கள், ஜப்பானில் தேடுங்கள், கிடைக்க மாட்டார். ஏனென்றால் அவர் எர்ணாவூரில் இருக்கிறார். பழைய மொபெட் ஒன்றில், ஹேண்டில்பாரில் மஞ்சள் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். பெயர், சங்கீர்த்தனம் அண்ணன்.

பெற்றவர்கள் வைத்த பெயர் அதுவல்ல. அது என்னவென்று எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. மாதா கோயிலில் சாமியாரிடம் தனியாகப் போய்ப் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதை எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் பாவசங்கீர்த்தனம் என்பார்கள். அண்ணன் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற ஆள். ஆனாலும் அவர் செய்த தொழிலின் லட்சணத்தைப் பார்த்துவிட்டு எங்கள் ஜனம் வைத்த பெயர் அது. அப்பேர்ப்பட்ட மனுஷரின் பேரை எங்கள் வீடு கெடுத்துக் குட்டிச்சுவராக்கியது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

முதலில் அவர் வேலை செய்கிற அழகைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் நுழைந்ததும் கம்ப்யூட்டரைத் தொட மாட்டார். ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். "அல்லாரும் வெளிய போங்க. ஒவ்வொருத்தரா வாங்க" என்பார். அந்தக் காலத்து மானிட்டர் என்றால் அண்டா சைஸ் இருக்கும் அல்லவா? அதற்குப் பின்னால், ஒயர்களுக்கு நடுவில் ஒரு முக்காலியைப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். முன்னால் நாம் உட்கார வேண்டும். அவர் முகம் நமக்குத் தெரியாது, நம் முகம் அவருக்குத் தெரியாது. மானிட்டருக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும்.

"எப்போ தொட்ட? இன்னாத்த தொட்ட? தொட்டுட்டு யார்கிட்ட மறச்ச?"

மூன்றே கேள்வி. பதில் சொல்கிறவரைக்கும் ஸ்க்ரூடிரைவர் பையை விட்டு வெளியே வராது.

இந்த முறையை எங்கே கற்றார் என்று ஒருநாள் கேட்டேன். எண்ணூரில் ஒரு தொழிற்சாலையின் கன்ட்ரோல் ரூமில் இருந்தாராம். "அங்க மெஷின் நின்னுடும் தம்பி. யார கேட்டாலும் 'நான் ஒண்ணுமே பண்ணல, தானா நின்னுச்சு'ம்பான். ஷிப்டுல கீற அத்தினி பேரும் அதான் சொல்லுவான். தானான்னு உலகத்துல ஒண்ணும் கெடையாது. தானா வர்றது தும்மல் ஒண்ணுதான். எவன் இன்னாத்த தொட்டான்னு தெரிஞ்சா அர மணி நேர வேல. தெரியலன்னா மூணு நாள் பேஜாரு" என்றார். ஃபாக்டரியை மூடிவிட்டார்கள். அண்ணன் அந்தக் கொள்கையோடு ராயபுரத்துக்குள் நுழைந்துவிட்டார்.

காசிமேட்டில் விசைப்படகு வைத்திருந்த ஒருத்தர். மீசையைப் பார்த்தாலே ஐஸ் உருகும். புயலில் படகைத் தனியாகக் கரைசேர்த்தவர். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் எந்த ஃபைலைத் திறந்தாலும் எரர். அண்ணன் போய் முக்காலியில் உட்கார்ந்தார். பத்து நிமிஷத்தில் உள்ளேயிருந்து விசும்பல் சத்தம். "சீட்டாட்டத்துல அது என்ன தோக்கடிச்சுகினே கீதுண்ணே... கோவத்துல எட்டி ஒதச்சிட்டேன்." தெருவில் நின்ற சம்சாரத்துக்கும் பிள்ளைகளுக்கும் இது இன்றைக்குவரை தெரியாது. அண்ணன் வெளியே வந்து, "ஹார்டு டிஸ்கு கொஞ்சம் மனசொடிஞ்சு கீது" என்று மட்டும் சொன்னார். (எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? மீசைக்காரரே ஒரு கல்யாணப் பந்தியில் வாய்தவறிச் சொன்னார்.)

இன்னொரு வீட்டில் டீச்சரம்மா ஒருவர், ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கிறேன் என்று ஃபிளாப்பி போடுகிற ஓட்டையில் சந்தனத்தைக் குழைத்துத் திணித்திருந்தார். அதற்கும் மன்னிப்பு உண்டு. ஆனால் சும்மா கிடையாது, ஒவ்வொருத்தருக்கும் ஒரு பிராயச்சித்தம் போடுவார். டீச்சரம்மாவுக்குக் கிடைத்தது, தினமும் மூன்று தடவை முறையாக ஷட் டவுன் செய்து பழகுவது. பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி செய்தார் பாவம். (இதையும் டீச்சரம்மாவே சொல்லித்தான் தெரியும்.)

எங்கள் பங்கு சாமியாரே ஒருமுறை அண்ணனை வழிமறித்து, "ஏம்ப்பா, எங்கிட்ட சொல்லாததெல்லாம் உங்கிட்ட வந்து சொல்றாங்களாமே?" என்று கேட்டார். "ஃபாதர், உங்ககிட்ட சொல்லலன்னா மோச்சம்தான் கெடைக்காது. எங்கிட்ட சொல்லலன்னா ஃபைலு கெடைக்காதே" என்றார் அண்ணன். ஃபாதர் நடையைக் கட்டினார்.

இனி எங்கள் வீட்டு லட்சணம். நான் விம்கோ நகர்க்காரன். ஹார்பரில் சரக்கு கிளியரிங் ஆபீஸில் வேலை என்பதால் ராயபுரத்தில் மாமனார் வீட்டிலேயே தங்கிவிட்ட வீட்டோட மாப்பிள்ளை. வீட்டில் நாங்கள் நாலு பேர். ரயில்வேயில் ரிட்டயரான மாமா, அத்தை, என் மனைவி ஸ்டெல்லா, நான். ஐந்தாவதாக ஸ்டெல்லா காலேஜ் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர். ஆன் செய்தால் மாவு அரைக்கிற சத்தம் வரும். டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தால் அப்போதுதான் கண்ணைத் திறக்கும்.

மாமாவுக்கு நாடகப் பைத்தியம். கோயில் திருவிழாவுக்கு நாடகம் எழுதியே தீருவார். முதல் தடவையாக அந்த வருஷம் கம்ப்யூட்டரிலேயே எழுதினார். நாடகத்தின் பெயர், 'கப்பலேறிய கர்வம்'. ஏழு காட்சி. ஒற்றை விரலில் மூன்று மாதம் தட்டினார். ஒரு 'ஔ' வந்துவிட்டால் அதைத் தேடி அரைமணி நேரம் ஓடும். "பென்டிரைவ்ல ஒரு காப்பி எடுத்து வைக்கலாம் மாமா" என்றேன். "இன்னா மாப்ள, வெளயாடுறீங்களா? என் வசனம் தெருவுல பூடும்" என்று மறுத்துவிட்டார். ஆக ஒரே ஃபைல், ஒரே இடம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஃபாதர் கையில் நாடகத்தைக் கொடுக்க வேண்டும். வியாழக்கிழமை காலையில் மாமா ஃபைலைத் திறந்தார். திறக்கவில்லை. ஃபைல் கரப்ட் ஆகிவிட்டது, திறக்க முடியாது என்று பெட்டி மாதிரி ஒன்று வந்து நின்றது. மாமா கத்திய கத்தலில் அத்தை வஞ்சிரத்தை வெட்டாமல் கத்தியோடு ஓடி வந்தார். "யாரு? யாரு தொட்டது? சொல்லுங்க!" என்று மாமா குதித்தார். நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னோம். "நான் ஒண்ணுமே பண்ணல. தானா போயிருக்கும்."

நான் சொன்னது பச்சைப் பொய். எப்படி என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் கடல் உப்புக்காற்றில் பிளக் பாயின்ட் எல்லாம் துருப்பிடித்துப்போய், ஹாலில் ஒன்றே ஒன்றுதான் ஒழுங்காக வேலை செய்யும். கம்ப்யூட்டருக்கும் அதுதான், தண்ணீர் மோட்டாருக்கும் அதுதான். முந்தின நாள் காலையில் கார்ப்பரேஷன் தண்ணீர் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது, மாமா பால் வாங்கப் போயிருந்தார். தண்ணீர் அரைமணிதான் வரும், நாடகமாவது மண்ணாவது என்று பிளக்கைப் பிடுங்கி மோட்டாரைச் செருகிவிட்டேன். அத்தோடு விட்டேனா? திரும்ப ஆன் செய்தபோது, 'டிஸ்கைச் சோதிக்கப்போகிறேன், வேண்டாமென்றால் ஏதாவது ஒரு பட்டனை அமுக்கு' என்று நீலத் திரையில் பத்து எண்ணிக் காத்திருந்தது. அமுக்கிவிட்டேன்.

சங்கீர்த்தனம் அண்ணன் வந்தார். நாலு பேரும் தெருவுக்குத் துரத்தப்பட்டோம். எங்கள் குடும்பம் வாசலில் வரிசையாக நிற்பதைப் பார்த்ததுமே, "இன்னா, கம்ப்யூட்டர் பூட்ச்சா?" என்று தெருவே விசாரித்தது. மாமா முதலில் போய், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். பிறகு அத்தை. பிறகு ஸ்டெல்லா. கடைசியில் நான்.

உட்கார்ந்தேன். எதிரே இருட்டு மானிட்டர். அதற்குப் பின்னாலிருந்து குரல்.

"எப்போ தொட்ட?"

"நேத்து காலைலண்ணே."

"இன்னாத்த தொட்ட?"

"பிளக்க. மோட்டாருக்காக. அப்புறம்... அந்த நீல ஸ்கிரீன்ல பட்டனையும் அமுக்கிட்டேண்ணே."

பின்னால் நீளமாக ஒரு பெருமூச்சு. "அது எழுதிகினு கீறப்ப கரண்ட்ட புடுங்கிட்ட. சரி, மருந்து குட்றேன்னு அது வந்தப்பவும் தட்டி உட்டுட்ட. போ. தண்ணி கொண்டா." மூன்று டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தார். ஒரே ஒரு பாவத்துக்கு ஏன் இவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அதன்பிறகுதான் வேலையில் இறங்கினார். அப்பா! கம்ப்யூட்டரை ஆன் செய்து, மறுபடியும் அந்த நீலத் திரையை வரவழைத்தார். "அல்லாரும் கைய பின்னால கட்டுங்க" என்றார். கட்டினோம். பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கி, டிஸ்க் சோதனை ஆரம்பித்தது. அண்ணன் எழுந்து போய் அந்த பிளக் பாயின்ட் மேல் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

ஐந்து சதவிகிதம். பன்னிரண்டு. பத்தொன்பது. அங்கேயே இருபது நிமிஷம் நின்றது. மாமா ஜெபமாலையை எடுத்துவிட்டார். சரியாக நாற்பத்தேழு சதவிகிதத்தில் தெருவிலிருந்து ஒரு கூக்குரல். "தண்ணி வந்திருச்சேய்!"

நாலு பேரும் ஒரே நேரத்தில் பிளக்கைப் பார்த்தோம். அத்தை ஒரு அடி முன்னால் வைத்தார். அண்ணன் அசையவில்லை. "இந்த பிளக்க புடுங்கணும்னா மொதல்ல என்ன புடுங்கி அப்பால போட்டுட்டு புடுங்குங்க" என்றார். வேறு வழியில்லாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு நான், ஸ்டெல்லா, அத்தை மூவரும் தெரு அடிபம்புக்கு ஓடினோம். நான் அடிக்க, அவர்கள் பிடிக்க, ஜன்னல் வழியாக மாமா கத்திக்கொண்டிருந்தார். "அறுபத்தொண்ணு! எழுவது! எண்பத்திரெண்டு!" பம்பில் நின்ற ஜனமெல்லாம் கிரிக்கெட் என்று நினைத்து, "யாரு ஆடுறது?" என்று கேட்டது.

நூறு வந்தது! குடங்களை அப்படியே போட்டுவிட்டு ஓடினோம். அந்தச் சோதனை, டிஸ்கில் அநாதையாகக் கிடக்கிற துண்டுகளையெல்லாம் பொறுக்கி ஒரு ஃபோல்டரில் போட்டு வைக்குமாம். அண்ணன் ஒவ்வொரு துண்டாகத் திறந்தார். கட்டம் கட்டமாக ஏதோ வந்தது. அடுத்தது, வெறும் புள்ளி. அடுத்தது, ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் கலந்து ஒரு கண்றாவி. "போச்சு" என்றார் மாமா. "இருங்க நைனா" என்றார் அண்ணன். அந்தக் கண்றாவியை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, மாமாவின் பழைய தமிழ் எழுத்துருவை மாற்றிப் போட்டார். திரையில் பளிச்சென்று தமிழ். 'அடேய் மீகாமா! அலையைக் கேட்டா கப்பல் ஓட்டுகிறாய்?' மாமா வாய்விட்டு அழுதார். "என் வசனம்! என் வசனம்!" என்று மானிட்டரைக் கட்டிப்பிடித்தார். "மெதுவா நைனா, ஒயரு" என்றார் அண்ணன்.

ஐந்து காட்சி கிடைத்தது. கடைசி இரண்டு போயே போய்விட்டது. அண்ணன் எங்களை ஒவ்வொருவராகக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு ஏதோ சொன்னார். என்னிடம் சொன்னது இது. "தம்பி, உன் பிராயச்சித்தம் இன்னான்னா, நைனா சொல்லச் சொல்ல மீதிய நீ டைப் அடிக்கணும். இன்னாத்துக்குன்னு யார்கிட்டயும் மூச்சு வுடாத." அடுத்த மூன்று சாயங்காலமும் மாமா வசனம் சொன்னார், நான் அடித்தேன், ஸ்டெல்லா பிழை பார்த்தாள், நாடகம் என்றாலே எழுந்து போகிற அத்தை சுக்குக்காப்பி கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டார். பாவி நான் ஒருத்தன் செய்த தப்புக்கு இந்த நல்ல ஜனங்கள் உதவுகிறார்களே என்று நினைத்துக்கொண்டே தட்டினேன். ஞாயிற்றுக்கிழமை நாடகம் ஃபாதர் கைக்குப் போய்விட்டது.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். மாமா விடவில்லை. பூசை முடிந்து ஜனம் வெளியே வருகிற நேரம் பார்த்து, அந்த வழியாக மொபெட்டில் வந்த அண்ணனை நிறுத்தி, "யாரு அந்தக் கஸ்மாலம்? எனக்குத் தெரிஞ்சாவணும். சொல்லலன்னா நீ என் வூட்டுப் படி ஏறாத" என்று பிடித்துக்கொண்டார். சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் ஸ்டெல்லாவுக்குப் பின்னால் ஒளிந்தேன். அண்ணன் மாமாவையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான்தான் நைனா. போன மாசம் தொடைக்க வந்தப்போ உள்ள ஒரு கேபிள லூசா உட்டுட்டேன். அதான் பிரச்சன."

மாமா பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களா! இவன்தான்! ரிப்பேர் பாக்க வந்து என் நாடகத்தையே காலி பண்ணான்!" என்று ஊரெல்லாம் சொன்னார். ஒரே வாரத்தில் கதை கை கால் முளைத்து எங்கெங்கோ போய்விட்டது. சங்கீர்த்தனம் தொட்டால் இருக்கிறதும் போய்விடும் என்று ஆரம்பித்தார்கள். ஒருத்தரும் அவரைக் கூப்பிடவில்லை. மத்தியானத்தில் டீக்கடைப் பக்கம் போனால், மொபெட்டில் மஞ்சள் பை தொங்க, அண்ணன் சும்மா நின்றுகொண்டிருப்பார். அதைப் பார்த்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "ஏண்ணே அப்படி சொன்னீங்க? உங்க பேரு கெட்டுப்போச்சே."

"வேற யார சொல்றது தம்பி? நான் சாயந்தரம் வண்டிய எடுத்துகினு எர்ணாவூரு பூடுவேன். நீங்க நாலு பேரும் ஒரே வூட்ல குந்தி சோறு துன்னணும்ல?"

நான் ஒரு கோழை. மறுநாள் சொல்லிவிடலாம் என்று வீட்டுக்குப் போனேன், மறுநாளும் சொல்லவில்லை.

திருவிழாவும் வந்தது. கோயில் மைதானத்தில் 'கப்பலேறிய கர்வம்'. நான் திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக்கொடுக்கிறவன். ஐயோ, என்ன கைதட்டல்! நாங்கள் மறுபடி எழுதிய கடைசிக் காட்சியில் விசில் காதைப் பிளந்தது. முடிந்ததும் ஃபாதர் மாமாவை மேடைக்கு அழைத்தார். மாமா மைக்கைப் பிடித்து லைட் போட்டவர், பந்தல் போட்டவர் வரைக்கும் நன்றி சொன்னார். நான் திரை ஓட்டையில் பார்க்கிறேன், கூட்டத்தின் கடைசியில், சைக்கிள்கள் நிறுத்தியிருக்கிற இடத்தில், அண்ணன் தனியாக நின்று கைதட்டிக்கொண்டிருக்கிறார். யார் பெயரோ போட்ட நாடகத்துக்கு அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்.

எனக்கு என்ன ஆனதென்று தெரியாது. ஓடிப்போய் மாமா கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினேன். "அல்லாரும் கேளுங்க! சங்கீர்த்தனம் அண்ணன் மேல ஒரு தப்பும் கெடையாது. மோட்டார் போடறதுக்காக பிளக்க புடுங்குனது நான்தான்!"

மாமா என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்திருக்க வேண்டும். அப்போது முன்வரிசையில் அத்தை எழுந்தார். "அவர ஒண்ணும் சொல்லாதீங்க. அவரு இல்ல, நான்தான். செவ்வாக்கெழம மசாலா அரைக்க மிக்ஸி போடணும்னு புடுங்குனேன்." மேடை ஓரத்தில் நாடகப் பாட்டுக்குக் கீபோர்டு வாசித்த ஸ்டெல்லா எழுந்தாள். "இல்லப்பா... அயர்ன் பாக்ஸுக்கு நான் புடுங்குனேன். அந்த நீல ஸ்கிரீன்லயும் பட்டன அமுக்குனேன்." எனக்கு வாய் பிளந்துவிட்டது. ஆளாளுக்கு ஒரு பிராயச்சித்தமா அந்த மூன்று சாயங்காலமும்!

எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். மாமா வானத்தைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், மைக்கை என்னிடமிருந்து வாங்கினார். "நானும்தான்" என்றார். "ஷட் டவுனெல்லாம் எனக்கு எங்க தெரியும்? எழுதி முடிச்சா தெனமும் பிளக்கப் புடுங்கிட்டுதான் எந்திரிப்பேன். அவன்கிட்ட சொன்னேன். சொல்லிட்டு... அவன் மேலயே பழியப் போட்டேன்."

கூட்டம் போட்ட சத்தத்தில் பந்தல் ஆடியது. அண்ணன் அத்தனை பேரையும் தள்ளிக்கொண்டு மேடைக்கு ஓடிவந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்தோம். தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன்யா, உங்களுக்கு அறிவு கீதா? இத்தினி வருசத்துல நான் ஒரு வார்த்த வெளிய உட்டுருப்பேனா? நாலு பேரும் சேந்து மைக் போட்டு சொல்றீங்களே! இனிமே எவன் என்ன நம்பி வாயத் தொறப்பான்?"

"நான் தொறக்கிறேண்ணே!" கூட்டத்திலிருந்து ஒரு அம்மா எழுந்தார். "எங்க வூட்டு கீபோர்டுல கஞ்சி ஊத்துனது நான்தான்!" அவ்வளவுதான். அங்கே ஒருத்தர், இங்கே ஒருத்தர் என்று கையைத் தூக்கிவிட்டார்கள். ஃபாதர் மைக்கைப் பிடுங்கி, "கம்ப்யூட்டர் பாவம் எல்லாம் அவர்கிட்ட, மத்த பாவமெல்லாம் நாளைக்குக் காலைல எங்கிட்ட" என்று கத்தினார்.

மாமா மேடையை விட்டு இறங்கி அண்ணனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "என்ன மன்னிச்சிடுப்பா."

"அது கெடக்கட்டும் நைனா. இன்னிக்கு ஒயுங்கா ஷட் டவுன் பண்ணிட்டு வந்தியா?"

மாமா பிடித்திருந்த கையை விட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினார்.

அண்ணன் இப்போதும் வருகிறார். தலை நரைத்துவிட்டது, மொபெட் மாறவில்லை. மாதம் ஒருமுறையாவது எங்கள் வீட்டில் ஏதாவது ஒரு ஃபைல் திறக்காது. அண்ணன் வருவார், எங்களைத் தெருவுக்குத் துரத்துவார், அத்தை அவருக்கென்று எடுத்துவைத்த மீன் வறுவலோடு மத்தியானம் முழுக்க இருந்துவிட்டுப் போவார். போன மாதம் நான் மாமாவிடம், "இந்தக் கிழட்டுப் பெட்டிய தூக்கிப் போட்டுட்டு நல்லதா ஒரு லேப்டாப் வாங்கிடலாம் மாமா. பேட்டரி கீது, பிளக்க புடுங்குனாலும் ஒண்ணும் ஆவாது, கெடவே கெடாது" என்றேன்.

மாமா செய்தித்தாளைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார்.

"கெடலன்னா அவன் எப்படி மாப்ள வூட்டுக்கு வருவான்?"

நான் அத்தோடு லேப்டாப் பேச்சை விட்டுவிட்டேன். எனக்கும் அவரைப் பார்க்க வேண்டுமே.